வாக்ஸ்ஹால் கார்டன்ஸ் 1000 பீஸ் பசில்: படத்துக்காக வாங்குங்க, கூட வர்ற புக்லெட்ட அப்படியே நம்பிடாதீங்க

ரெண்டு வாரமா சாப்பாட்டு மேஜைய இதுக்கே விட்டுட்டு எல்லாரும் தரைல உக்காந்து சாப்ட்டு, முந்தாநாள் ராத்திரி பதினொன்றரைக்கு தான் கடைசி பீஸ வெச்சோம். இங்கிலாந்து ஓவியர் தாமஸ் ரோலண்ட்சன் 1784ல வரைஞ்ச வாக்ஸ்ஹால் கார்டன்ஸ் படம், அத 1000 பீஸ் ஜிக்சாவா போட்டிருக்காங்க. பாக்ஸுக்குள்ள பசில், ஒரு சின்ன போஸ்டர், அப்புறம் படத்துல யார் யார் இருக்காங்கன்னு நம்பர் போட்டு சொல்ற ஒரு புக்லெட். கம்பெனி பேர இங்க போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை பழைய ஓவியத்த வெச்சு பண்ற எந்த பசில்லயும் வரலாம், எத வாங்கினாலும் நீங்க பாக்க வேண்டிய விஷயம் தான்.

முதல்ல பசில் பத்தி. அட்டை நல்ல கெட்டி, பீஸ் பிரிஞ்சு உரியல, கட்டிங் சுத்தமா இருக்கு, தப்பான எடத்துல வெச்சா உக்காராது. மேல் பூச்சு மேட் தான், லைட்டுக்கு கீழ பளபளன்னு கண்ண கூசல, இது எனக்கு ரொம்ப முக்கியம் ஏன்னா இந்த மாதிரி படத்துல கோடு தான் எல்லாமே, கோடு தெரியலன்னா ஒண்ணும் இல்ல. மரங்கள் இருக்கிற மேல்பாதி கஷ்டம், இலை எல்லாம் ஒரே சாம்பல் பச்சை, அங்க மட்டும் நாலு நாள் போச்சு. கீழ்பாதி முழுக்க ஆளுங்க, அது ஓடிடும். அதனால மனுஷங்க மொகத்துல இருந்து ஆரம்பிங்க, பார்டர அப்புறம் பாத்துக்கலாம், வழக்கமா பண்றதுக்கு இது நேர் எதிர் தான் ஆனா இந்த படத்துக்கு இது தான் சரி.

இனி படத்துக்கு வர்றேன். வாக்ஸ்ஹால் லண்டன்ல தேம்ஸ் நதிக்கு தெக்கு கரைல இருந்த ஒரு பெரிய தோட்டம், கோடைல சாயங்காலம் போய் பாட்டு கேட்டு சாப்ட்டு நடந்துட்டு வர்ற எடம். ஜோனதன் டையர்ஸ்ங்கறவர் 1729ல குத்தகைக்கு எடுத்து 1732ல புதுசா தொறந்தாரு. ரொம்ப வருஷம் உள்ள போக ஒரு ஷில்லிங் தான், 1792ல தான் ரெண்டு ஷில்லிங் ஆச்சு. 1750ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வர்ற வரைக்கும் பெரும்பாலும் படகுல தான் போவாங்க. இசையமைப்பாளர் ஹேண்டல் பட்டாசு விழாவுக்கு எழுதின இசையோட ஒத்திகை 1749ல இங்க நடந்தப்ப 12,000 பேர் வந்ததா அப்ப எழுதியிருக்காங்க, லண்டன் பாலத்துல மணிக்கணக்கா வண்டிங்க நின்னு போச்சாம். இருட்டினதும் மரத்துல தொங்குற எண்ணெய் விளக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ஏத்துவாங்க, அத பாக்கவே கூட்டம் வரும். சாப்பாட்டுல பன்றி இறைச்சி துண்டு, அந்த பக்கம் இருக்கறது தெரியற அளவுக்கு மெலிசா வெட்டுவாங்கன்னு ஊரே பேசும். 1859ல மூடிட்டாங்க. ரஷ்ய மொழில ரயில் ஸ்டேஷனுக்கு வோக்ஸால்னு சொல்றதே இந்த பேர்ல இருந்து வந்தது தான்.

அந்த ஒரு ஷில்லிங்க மனசுல வெச்சுக்கிட்டு தான் இந்த படத்த பாக்கணும். இளவரசரும் டச்சஸும் (பெரிய பிரபுவோட மனைவி) நடந்துபோற அதே பாதைல கடை வெச்சிருக்கறவரும் குடும்பத்தோட வந்து நிக்க முடியும். கோயில் திருவிழால தேர பாக்க எல்லாரும் ஒரே தெருல நிக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க, இங்க தேர் கெடையாது, மனுஷங்கள மனுஷங்களே தான் பாத்துக்கறாங்க.

இத கண்டுபிடிச்சது நான் இல்ல, அக்கா பொண்ணு. நடுவுல கைகோத்துக்கிட்டு நிக்கிற ரெண்டு பொண்ணுங்கள முடிச்சு வெச்சிருந்தோம், சுத்தி இருக்கிற தலைங்க ஒவ்வொண்ணா சேர ஆரம்பிச்சுது. அவ சட்டுனு கேட்டா, "சித்தி, மேல ஒருத்தங்க பாடிட்டு இருக்காங்களே, அவங்கள யாருமே சரியா பாக்கலயே, எல்லாரும் இவங்க ரெண்டு பேரையே இல்ல பாக்குறாங்க?" நான் திரும்ப பாத்தா ஆமா. மேல கச்சேரி மேடை பால்கனில ஒரு பாடகி, மிஸஸ் வைக்ஸல்னு சொல்றாங்க, வருஷக்கணக்கா அங்க பாடினவங்க. கீழ ஒரு ஆள் கண்ணாடிய கண்ணுகிட்ட வெச்சு கூச்சமே இல்லாம அந்த ரெண்டு பொண்ணுங்கள உத்து பாக்குறாரு. அந்த கண்ணாடி வர்ற பீஸ் நகத்தளவு தான் இருக்கும், அதுல ரோலண்ட்சன் போட்டது மொத்தமே நாலஞ்சு கோடு, ஆனா அந்த ஆளோட திமிர் முழுசா அதுல இருக்கு. மூக்கு கொஞ்சம் மேல, உதடு லேசா சுழிச்சு, இடுப்ப ஒரு பக்கமா சாய்ச்சு. அந்த ஒரு பீஸ கைல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இப்ப புக்லெட். இங்க தான் எனக்கு கோவம். அவங்க இந்த படத்த ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி எடுத்துக்கிட்டு 1 இவர் 2 அவர்னு வரிசையா பேர் போட்டுட்டாங்க. நடுவுல இருக்கிறது டெவன்ஷயர் டச்சஸ் ஜார்ஜியானா, கூட அவங்க தங்கச்சி லேடி டன்கனன். கண்ணாடிக்காரர் கேப்டன் எட்வர்ட் டாப்ஹாம். ஸ்காட்லாந்து டிரெஸ்ல நிக்கிறவர் பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் பெர்ரி. மரக்கால் வெச்சவர் அட்மிரல் பாஸ்லி. வலது பக்கம் ஒரு பொண்ணு காதுல ரகசியம் சொல்றது வேல்ஸ் இளவரசர், கேக்கறது நடிகை மேரி ராபின்சன், பக்கத்துல குள்ளமா இருக்கறது அவங்க புருஷன். மேடைக்கு கீழ மேஜைல சாப்பிடறது எழுத்தாளர் டாக்டர் ஜான்சன், அவரோட நண்பர்கள் பாஸ்வெல், மிஸஸ் த்ரேல், ஆலிவர் கோல்ட்ஸ்மித். எல்லாமே "இவர் தான்"னு சொல்றாங்க, ஒரு எடத்துல கூட "இவரா இருக்கலாம்னு சொல்றாங்க"ன்னு போடல.

தேதிய வெச்சு பாருங்க. கோல்ட்ஸ்மித் 1774 ஏப்ரல்ல இறந்துட்டாரு. படம் 1784. செத்து பத்து வருஷம் ஆனவர் எப்படி உக்காந்து சாப்பிடுவாரு? ஜான்சன் அந்த வருஷம் பெரும்பாலும் உடம்பு முடியாம இருந்து டிசம்பர்ல போயிட்டாரு, மிஸஸ் த்ரேல் அதே வருஷம் ஜூலைல இத்தாலிக்கார பாட்டு வாத்தியார் பியோட்ஸிய கல்யாணம் பண்ணதுல ஜான்சனுக்கும் அவங்களுக்கும் உறவே முறிஞ்சு போச்சு. அந்த மேஜைல இந்த நாலு பேரும் ஒண்ணா உக்காந்திருக்க வழியே இல்ல. அட்மிரல் பாஸ்லி இன்னும் மோசம். அவர் கால் போனது 1794 ஜூன் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரங்களோட நடந்த கடல் சண்டைல, அட்மிரல் ஆனதும் அதே வருஷம் தான். 1784ல அவருக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சு, அட்மிரலும் இல்ல. அப்ப அந்த மரக்கால்காரர் யாரு? பேர் தெரியாத யாரோ ஒரு மாலுமி, அமெரிக்க விடுதலைப் போர் 1783ல தான் முடிஞ்சிருக்கு, அடிபட்டு கரைக்கு வந்தவங்க லண்டன் தெருல நெறைய பேர் இருந்திருப்பாங்க. என்ன கேட்டா அட்மிரல்ங்கற பட்டத்த விட அந்த பேர் தெரியாத ஆள் தான் எனக்கு பெருசா தெரியறாரு.

இந்த பேரெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னா, ரோலண்ட்சனோட நண்பர் ஹென்றி ஆஞ்சலோ, வாள்சண்டை சொல்லிக்குடுத்தவர், ரெண்டு பேரும் சேர்ந்து வாக்ஸ்ஹால் போவாங்க, அவர் வயசான காலத்துல நினைவுக்குறிப்பு எழுதினப்ப இந்த படத்துல டாப்ஹாம் இருக்காருன்னு சொல்லியிருக்காரு. அது அச்சுக்கு வந்தது 1828ல இருந்து, ரோலண்ட்சன் 1827ல இறந்தப்புறம், படம் வரைஞ்சு நாப்பது வருஷத்துக்கு மேல ஆகிடுச்சு. அப்புறம் வந்தவங்க ஆளாளுக்கு பேர் சேத்துக்கிட்டே போயிருக்காங்க. பழைய போட்டோ ஆல்பத்துல பாட்டி ஒருத்தர காட்டி இவர் உங்க பெரிய தாத்தான்னு சொல்வாங்க, அம்மா பாத்துட்டு இல்ல இவர் பக்கத்து வீட்டுக்காரர்னு சொல்வாங்க, அந்த மாதிரி தான். பாட்டி சொன்னத எழுதி வெக்கலாம், தப்பே இல்ல, பாட்டி சொன்னாங்கன்னும் சேத்து எழுதணும்.

மேரி ராபின்சன் விஷயம் வேற மாதிரி. அவங்க அங்க இருக்கறதுக்கு காரணம் இருக்கு, ஆனா அது நடந்த சம்பவம் இல்ல. 1779 டிசம்பர்ல ஷேக்ஸ்பியர் நாடகத்துல பெர்டிடா வேஷம் கட்டினப்ப இளவரசர் பாத்து மயங்கினாரு, அப்ப அவருக்கு 17 வயசு. 20,000 பவுண்ட் தர்றேன்னு எழுதியே குடுத்தாரு. 1781க்குள்ள விட்டுட்டு போயிட்டாரு, அவர் எழுதின கடிதங்கள திருப்பி வாங்க 5,000 பவுண்ட் குடுத்து முடிச்சாங்க. 1783ல அவங்களுக்கு நோய் வந்து கால் செயலிழந்து போச்சு. 1784ல நிமிர்ந்து நின்னுக்கிட்டு இளவரசர் ரகசியம் கேக்கற மேரி ராபின்சன் இந்த படத்துல மட்டும் தான் இருக்காங்க. ஊர் எல்லாம் மூணு நாலு வருஷமா பேசி ஓஞ்ச கதைய ரோலண்ட்சன் ஒரு மூலைல திரும்ப நிக்க வெக்கிறாரு, பாக்கறவங்க "ஆங், அது அவங்க தான்"னு சிரிப்பாங்கன்னு. அந்த சிரிப்புக்கு பின்னாடி நடக்க முடியாம ஒரு பொண்ணு இருந்தாங்கன்னு தெரிஞ்சப்புறம் அந்த மூலைய என்னால முன்ன மாதிரி பாக்க முடியல. இத பத்தி புக்லெட்ல ஒரு வரி கூட இல்ல, "இளவரசரின் காதலி"ன்னு போட்டு விட்டுட்டாங்க.

எல்லாத்தையும் விட பெரிய விஷயம் ஜார்ஜியானா, அதயும் புக்லெட் "அழகுக்கு பேர் போன டச்சஸ்"னு முடிச்சிட்டாங்க. 1784 ஏப்ரல் 1ல இருந்து மே 17 வரைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர்ல தேர்தல் நடந்துச்சு, நாப்பது நாள் ஓட்டு போட்டாங்க. ரகசிய ஓட்டு கெடையாது, எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லணும், அது அங்க 1872ல தான் மாறுச்சு. ஜார்ஜியானா விக் கட்சித் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்காக தெருத்தெருவா போய் ஓட்டு கேட்டாங்க, இளவரசரும் ஃபாக்ஸ் பக்கம் தான். ஒரு கசாப்புக்காரருக்கு முத்தம் குடுத்து ஓட்டு வாங்கிட்டாங்கன்னு எதிர்க்கட்சிக்காரங்க கெளப்பி விட, அத வெச்சு அசிங்க அசிங்கமா கார்ட்டூன் வந்து கடை ஜன்னல்ல எல்லாம் தொங்குச்சு. அந்த கார்ட்டூன்ல சிலத வரைஞ்சதும் இதே ரோலண்ட்சன் தான். அந்த தொகுதிக்கு ரெண்டு எம்.பி., அதனால ஃபாக்ஸ் ரெண்டாவது எடத்துல வந்து ஜெயிச்சிட்டாரு. அதே வருஷம் ராயல் அகாடமி கண்காட்சில ரோலண்ட்சன் இந்த வாக்ஸ்ஹால் படத்த வெக்கிறாரு, அதுல நடுவுல அமைதியா, கௌரவமா, தங்கச்சியோட கைகோத்துக்கிட்டு அந்த அம்மா.

ஒரே கை, ஒரே வருஷம், ஒரே பொண்ணு. ஒரு பக்கம் தெருல முத்தம், இன்னொரு பக்கம் தோட்டத்துல மரியாதை. 1784ல இந்த படத்த பாத்தவங்க கண்ணுல அந்த ஜன்னல் கார்ட்டூனும் சேர்ந்தே தான் இருந்திருக்கும். சுத்தி நிக்கிறவங்க அவங்கள ஏன் அப்படி பாக்குறாங்கன்னு அப்ப யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. நமக்கு தான் விளக்கணும், அதுக்கு தான் புக்லெட்.

அந்த பாக்கறவங்கள்ல பத்திரிகைக்காரங்களா குறிக்கப்படறவங்க எத்தன பேர்னு எண்ணி பாருங்க. பெர்ரி அப்ப கெஸட்டியர் பத்திரிகை நடத்திட்டு இருந்தாரு. டாப்ஹாம் 1787ல சொந்தமா ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாரு. இன்னொருத்தர் மார்னிங் ஹெரால்ட் நடத்தின பாதிரியார் பேட் டட்லின்னு சொல்றாங்க. இந்த பேட் கதை தெரிஞ்சா இந்த படமே வேற மாதிரி ஆகிடும். 1773ல இதே வாக்ஸ்ஹால்ல எலிசபெத் ஹார்ட்லிங்கற நடிகைய அவர் கூட்டிட்டு போனப்ப சில பணக்கார மைனருங்க வந்து அந்த அம்மாவ மொறச்சு மொறச்சு பாத்து கேலி பண்ணாங்க. பாதிரியார் கோவப்பட்டு சண்டைக்கு போயிட்டாரு, அது கை சண்டை வரைக்கும் போய் பத்திரிகைல வாரக்கணக்கா ஓடுச்சு. ஒரு பொண்ண பொது எடத்துல எவ்வளவு நேரம் பாக்கலாம், அதுக்கு யாருக்கு உரிமை, இது வாக்ஸ்ஹால்ல ஏற்கனவே அடிதடி வரைக்கும் போன கேள்வி. பத்து வருஷம் கழிச்சு அதே எடத்துல கண்ணாடி வெச்சு ஒருத்தர் பாக்கற மாதிரி ரோலண்ட்சன் வரையறாருன்னா அது சும்மா வேடிக்கைக்கு வரைஞ்சது இல்லன்னு தான் எனக்கு படுது. இது என்னோட வாசிப்பு, ஆளுங்க பேரு ஒண்ணு ரெண்டு தப்பா இருந்தாலும் இது நிக்கும், ஏன்னா இது மொகத்துல இல்ல, யார் யார பாக்குறாங்கங்கறதுல இருக்கு.

ஸ்காட்லாந்து டிரெஸ் பத்தி ஒரு வார்த்த. 1745 கலகத்துக்கு அப்புறம் 1746ல சட்டம் போட்டு ஸ்காட்லாந்துல அந்த உடுப்ப தடை பண்ணியிருந்தாங்க, எடுத்தது 1782ல தான். படத்துக்கு ரெண்டே வருஷம் முன்னாடி. அந்த கட்டம் போட்ட துணி வர்ற பீஸ வெக்கும்போது இது தெரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! அட்மிரல் பாஸ்லிக்கு நாலு வரி எழுதின எடத்துல இத எழுதியிருக்கலாம்.

இன்னொரு தப்பு, இது கொஞ்சம் நுணுக்கம். பாக்ஸ்ல "வாட்டர்கலர் ஓவியம்"னு போட்டிருக்காங்க. ரோலண்ட்சனோட வாட்டர்கலர் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு, உண்மை. ஆனா பசில்ல இருக்கிறது அது இல்ல. கீழ் பார்டர் பீஸ் எல்லாம் வரிசையா வெச்சப்ப ஓரத்துல சின்ன சின்னதா கறுப்பு கீறல் மாதிரி தெரிஞ்சுது, முதல்ல அச்சு பிசகுன்னு நெனச்சேன், அப்புறம் லென்ஸ் வெச்சு பாத்தா அது எழுத்தோட தலைப்பகுதி. படத்துக்கு கீழ செதுக்கினவங்க பேர் இருக்கிற வரிய வெட்டும்போது முழுசா வெட்டாம விட்டிருக்காங்க. அப்ப இது 1785 ஜூன் 28ல வந்த பிரிண்ட், ராபர்ட் போலார்ட் கோடு செதுக்கி, பிரான்சிஸ் ஜூக்ஸ் அக்வாடின்ட் பண்ணி, ஜான் ரஃபேல் ஸ்மித் வெளியிட்டது. செப்புத் தகட்டுல பிசின் பொடி தூவி ஆசிட்ல அரிக்க விட்டு நிழல் கொண்டு வர்ற முறை அது, பிரஷ்ஷால தடவின மாதிரியே இருக்கும், அதனால தான் குழப்பம். அந்த ஜூக்ஸோட கைவேலைய வாட்டர்கலர்னு சொல்லிட்டா அவர் பேரே இல்லாம போகுது, அவங்க பட்ட பாடெல்லாம் வீணா? கண்காட்சில நின்னு பாத்தவங்க கொஞ்ச பேர், இந்த பிரிண்ட் தான் வீடு வீடா போச்சு. இத சொல்லியிருந்தா பசிலுக்கே பெருமை.

வாங்கலாமான்னு கேட்டா கண்டிப்பா வாங்குங்க. பசிலுக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், படத்தோட கீழ் ஓரத்த சரியா வெட்டாததுக்கு அரை கம்மி. புக்லெட்டுக்கு ஒண்ணரை, அந்த ஒண்ணரையும் நம்பர் போட்ட வரைபடத்துக்கு தான், ஆள தேட அது உதவும். போஸ்டர் சின்னது, அதுல மொகம் தெரியாது, பாக்ஸ் மூடிய பாத்து அடுக்கறது தான் சுலபம். கொழந்தைங்க கூட செய்யறதா இருந்தா பத்து வயசுக்கு மேல சரியா இருக்கும், பேர முதல்லயே சொல்லிடாதீங்க, யார் யார பாக்குறாங்கன்னு விரலால கோடு போட்டு பாக்க சொல்லுங்க.

நாங்க ஒரு வெள்ளை பேப்பர்ல கோல்ட்ஸ்மித் 1774, மேரி ராபின்சன் 1783, வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தல் 1784, பாஸ்லி கால் 1794னு அக்கா பொண்ணு கையெழுத்துலயே எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிட்டோம். மரக்கால்காரருக்கு நேரா அவ "பேர் தெரியல"ன்னு எழுதியிருக்கா. அடுத்த வாரம் பாக்ஸ் அவ ஃபிரண்ட் வீட்டுக்கு போகுது.